இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய்

"பின்பக்கமா வாப்பா. செருப்ப அங்கயே வுட்டுடு. சத்தம் போட்டுடாத" என்று கெங்கம்மாள் கொல்லைக் கதவைப் பாதி திறந்து கிசுகிசுத்தபோது, சுஃப்யான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் ஒரே மூச்சில் வந்தவன், தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். அதுவும் அவள் போனில் போட்ட உத்தரவுதான்.

சாகக் கிடக்கிற மனிதரைப் பார்க்க வருகிறவன் வாசல் வழியாக வருவதுதான் முறை. ஆனால் கெங்கம்மாள் அவனை வரச்சொன்னது வீட்டுக்காரரைப் பார்ப்பதற்கு அல்ல. அவருக்கு மூச்சு இருக்கும்போதே, அவருக்குத் தெரியாமல், அவருடைய கேமரா ஒன்றைப் பிரித்துக் கழுவி மாட்டியாக வேண்டும். காலை மணி ஏழு. டாக்டர் கொடுத்திருந்த கெடு இன்றைக்கோ நாளைக்கோ.

துரைக்கண்ணு முன்னறைக் கட்டிலில் கிடந்தார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனிமேல் வீட்டில் இருப்பதுதான் நல்லது என்று முந்தின நாள் சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். கண் இருட்டிவிட்டது. மகள் அருணா குனிந்து முகத்தருகே நின்றாலும் யாரென்று கேட்டார். காது மட்டும் பாம்புச் செவியாக அப்படியே இருந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த காது அது. இஞ்சின் வருவது தண்டவாளத்துக்குத் தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரியும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள்.

ஆம்புலன்ஸ் கிளியனூர் தாண்டும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கெங்கா, வூட்டுக்குப் போனதும் அந்த முப்பத்தெட்ட எடுத்தா. ஒரு செகண்ட கேக்கணும்."

முப்பத்தெட்டு என்பது ஒரு கேமராவின் செல்லப் பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் ஜெர்மனியில் செய்த ரோலிகார்டு. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் படம் பிடிப்பதற்கு. இந்த மாதிரி இரட்டைக் கண் பெட்டிகள் இருபத்து மூன்று அந்த வீட்டில் இருந்தன. பீரோவில் கெங்கம்மாளின் புடவைகளுக்கு இரண்டு தட்டு, பெட்டிகளுக்கு மூன்று தட்டு. கல்யாணம் ஆன புதிதில் ஒன்று, பிள்ளை பிறந்தபோது நாலு என்று ஆரம்பித்தது, பென்ஷன் வாங்கிய பிறகு கட்டுக்கடங்காமல் போயிற்று. பூஞ்சை பிடித்தது, துருப்பிடித்தது, தோல் உரிந்தது என்று ஊர் ஒதுக்கியதையெல்லாம் அவருடைய கேமராக் கூட்டாளி சுஃப்யான் ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் அங்கேயிருந்தும், பிறகு பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்தும் தேடிப்பிடித்துக் கொண்டுவருவான். இவர் உட்கார்ந்து உயிர் கொடுப்பார். "மனுசங்களுக்குக் கண்ணாஸ்பத்திரி இருக்குது, பொட்டிக்கு நம்ம வூடு" என்பாள் கெங்கம்மாள், வருகிறவர்களிடம்.

அந்த முப்பத்தெட்டு மட்டும் நாலு வருஷம் இழுத்தடித்தது. வேகமாகச் சுடுவதெல்லாம் சுட்டது. கண் ஒரு செகண்டு திறந்திருக்கும்படி வைத்தால் மட்டும் பாதியில் நின்றுவிடும். அந்த ஒரு செகண்டை அளந்து விடுவதற்கென்றே உள்ளே குட்டிக் குட்டிப் பற்சக்கரங்கள் உண்டாம். அதில் ஒன்றுக்குப் பல் போயிருந்தது. அதே மாதிரிச் செத்த கேமரா ஒன்றை சுஃப்யான் எங்கிருந்தோ கொண்டுவர, அதன் சக்கரத்தை எடுத்து இதில் பொருத்தி, அது முதல்முறையாக முழுசாக ஓடிய மறுநாள் துரைக்கண்ணுவுக்கு மூச்சு முட்டியது. மூன்றே முறைதான் அந்த ஒரு செகண்டுச் சத்தத்தை அவர் கேட்டிருந்தார்.

இனிமேல்தான் கெங்கம்மாளின் திருவிளையாடல்.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், மேசையில் அவர் விட்டுப்போன இடத்திலேயே அந்தப் பெட்டி இருப்பதைப் பார்த்தாள். அவர் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் லென்சுக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கம் தள்ளினாள். கிர்ர்ரென்றது. கெங்கம்மாள் முப்பது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள். மெஷின் கிர்ர்ரென்று கத்தினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐயோ, காய்ஞ்சு கெடக்குதே, அவரு வரும்போது வெண்ணெயாட்டம் ஓடட்டும் என்று, தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டியை எடுத்து, கைப்பிடி ஓடுகிற சந்தில் இரண்டே இரண்டு சொட்டு விட்டாள். விட்டுவிட்டு, சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டாள்.

நேற்று ராத்திரி அவர் கேட்டாரே என்று எடுத்துத் தள்ளிப் பார்த்தால், சத்தமே இல்லை. உள்ளேயிருக்கிற கருப்புத் தகடுகள் பாதி திறந்து, தூங்குகிறவன் அரைக்கண் மாதிரி அப்படியே நின்றன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. "காலைல எடுத்தாறேங்க, இப்ப தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தவளுக்கு அதன்பிறகு தூக்கம் வரவில்லை.

"எண்ணெயா?" என்றான் சுஃப்யான். தையல் மெஷின் இருக்கும் பின்னறையில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தான். "இன்னா எண்ணெ அண்ணி?"

"மெஷினு எண்ணெதாம்ப்பா. நல்ல எண்ணெ."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இதுக்கு எந்த எண்ணெயும் ஆவாது அண்ணி. தகடெல்லாம் காய்ஞ்சு கெடந்தாத்தான் ஓடும். ஒரு பொட்டு ஈரம் பட்டா ஒட்டிக்கும்."

காய்ந்து கிடந்தால்தான் ஓடும் ஒரு மெஷின். தான் படித்த படிப்புக்கெல்லாம் நேர்மாறாக ஒரு பொருள் தன் வீட்டிலேயே, தன் பீரோவிலேயே இத்தனை வருஷம் இருந்திருக்கிறது என்பது கெங்கம்மாளுக்கு விசித்திரமாக இருந்தது. "சரி, தொற. கழுவிப்புடலாம்" என்றாள்.

"நான் தொறந்ததே இல்ல அண்ணி. வாங்கியாறதுதான் நம்ம வேல. தொறக்கறது அண்ணன்தான்." அவன் போனைத் துழாவி எடுத்தான். "ஆனா வீடியோ இருக்குது. அண்ணன் அந்தச் சக்கரம் மாட்டனப்ப போன்ல எடுத்து வெச்சேன்."

சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்தான். திரையில் முகம் இல்லை. இரண்டு கைகள் மட்டும். வலது கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. அந்தக் கைகள் அவசரமே இல்லாமல் முன்பக்கத் தோலை உரித்தன, திருகுகளைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கின. ஒரு வாய்ச் சோறுகூடச் சிந்தாமல் சாப்பிடத் தெரியாத மனுஷன். அந்தக் கைகளா இவை என்று கெங்கம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சுஃப்யான் திருப்புளியை எடுத்தான். முதல் திருகின் மேல் வைத்தான், வழுக்கியது.

"இங்க குடு" என்றாள் கெங்கம்மாள்.

ஊசியில் நூல் கோர்க்கிற கண், பாபின் பெட்டியைப் பிரித்து மாட்டுகிற விரல். அவை அவளுக்கு இருந்தன. போனில் அவர் கை ஒரு திருகைக் கழற்றும்; சுஃப்யான் நிறுத்துவான்; இவள் கழற்றி வெள்ளைத் துணியில் வைப்பாள். அவர் வளையத்தைத் திருப்புவார், இவளும் திருப்புவாள். முன்னறையில் அதே கைகள் போர்வைக்கு மேல் அசையாமல் கிடக்கின்றன என்பதை அவள் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அருணா வந்து வாசற்படியில் நின்றாள். கையில் அப்பாவுக்கு வாய் நனைக்கிற தண்ணீர்க் கிண்ணம்.

"இன்னாம்மா இது? ஒறவுக்காரங்கல்லாம் நீ எங்க எங்கன்னு கேக்கறாங்க, நீ இங்க குந்திக்கினு பொட்டியப் பிரிச்சிக்கினு இருக்க?"

"மெதுவாப் பேசு. அப்பா காதுல வுழுந்துடப் போவுது."

"இத்தினி வருசமா அவரு கேமராவக் கட்டிக்கினு அழுவுறாருன்னு திட்டுன. இப்ப அவரு போற நேரத்துல நீ அத்தயே பண்ற. அவரு பக்கத்துல வந்து ஒக்காரும்மா." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மகள் சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அவர் "எங்க?" என்று கேட்பார். கெடுத்துட்டேங்க என்று சொல்ல வேண்டிவரும். கேட்க ஆசைப்பட்ட ஒரு சத்தம்கூடக் கேட்காமல், பெண்டாட்டி கெடுத்தது என்ற நினைப்போடு அவர் போவார். "பத்து நிமிஷம்டி" என்று மட்டும் சொன்னாள். அருணா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கடைசி வளையம் கழன்றது. சுஃப்யான் மேல்மூடியை எடுத்தான்.

கெங்கம்மாள் குனிந்தாள். ஒரு வளையலுக்குள் அடங்குகிற இடம். அதற்குள் மயிரிழைக் கம்பிகள், நெல்மணியைவிடச் சின்ன ஆணிகள், கடுகு மாதிரிப் பற்சக்கரங்கள், அவற்றின் நடுவே ஆடுவதற்கென்று ஒரு பித்தளை நாக்கு. ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், ஒன்று நகர்ந்தால் எல்லாம் நகருகிற மாதிரி. எந்தத் தேசத்திலோ, அவள் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால், யாரோ உட்கார்ந்து இதை அடுக்கியிருக்கிறார்கள். இத்தனை காலம் கழித்து இங்கே திண்டிவனத்தில் ஒருவர் அந்த அடுக்கின் கணக்கை மறுபடி கண்டுபிடித்திருக்கிறார். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயில் கர்ப்பக்கிரகத்தில் திரை விலகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை தானாகப் போகுமே, அப்படி அவள் கை போயிற்று.

"யம்மாடி" என்றாள். "இதுக்குள்ளயா இந்த மனுஷன் ஒக்காந்திருந்தாரு?"

"ஆமா அண்ணி."

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

அவர் சொல்ல வந்தபோதெல்லாம் அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்துபோனது யார் என்று அவளுக்கே தெரியும்.

துணியில் கறை எடுப்பதற்கு அவள் வைத்திருந்த வெள்ளைப் பெட்ரோல் புட்டி மெஷினுக்கு அடியிலேயே இருந்தது. ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, சொட்டுச் சொட்டாக விட்டாள். எண்ணெய் மஞ்சளாகக் கரைந்து வழிந்தது. பஞ்சில் ஒற்றினாள். மறுபடி விட்டாள், மறுபடி ஒற்றினாள். பட்டுப்புடவையில் எண்ணெய் பட்டால் எப்படித் தேய்க்காமல் ஒற்றி எடுப்பாளோ அப்படி. கைப்பிடியைத் தள்ளினால் தகடுகள் முதலில் அசையவே இல்லை. ஆறாம் முறை சோம்பலாகத் திறந்து மூடின. பதினோராம் முறை உள்ளேயிருந்து கிர்ர் என்று ஒரு சத்தம் புறப்பட்டு, நடுவில் திக்கி, பிறகு ஓடி முடிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டி முடிக்க இன்னும் அரை மணி ஆனது. தோலை ஒட்ட நேரமில்லை; அந்தப் பெட்டி முன்பக்கம் தகடு தெரிய அம்மணமாக இருந்தது.

"கெங்கா" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "சுஃப்யான் வந்துக்கிறானா?"

சுஃப்யான் திடுக்கிட்டு எழுந்தான்.

"வண்டியத் தள்ளிக்கினு வந்தான். செயின் லூசு. கேட்டுது" என்றார்.

உறவுக்காரர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். கெங்கம்மாள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் மூச்சு மாறியிருந்தது. ஒன்று வந்து, பிறகு அடுத்தது வரலாமா வேண்டாமா என்று யோசித்து வந்தது. அவள் பெட்டியை அவர் காதோரம் வைத்து, முறுக்கேற்றி, விட்டாள்.

கிர்ர்ர்ர்ர்ர், க்ளிக்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உதடு அசைந்தது.

"ஒன்னே கால்."

"இன்னாங்க?"

"ஒரு செகண்டு இல்ல. ஒன்னே காலு. இழுக்குது." இன்னும் இரண்டு மூச்சு. "எண்ணெ போட்டியா?"

எண்ணெய் போன இடம் தெரியாமல் கழுவியாகிவிட்டது. மிஞ்சியிருந்தால் காற்றில் பறக்கிற பெட்ரோல் ஈரம்தான் மிஞ்சியிருக்கும். அதை அவர் கேட்டிருக்கிறார்.

"ரெண்டே சொட்டுங்க" என்றாள். "கத்துச்சு. காய்ஞ்சு போச்சின்னு நெனச்சிட்டேன். இப்ப நானே கழுவி மாட்டினேன்."

"நீயா?"

"அண்ணிதாண்ணே. நான் கையே வெக்கல" என்றான் சுஃப்யான்.

துரைக்கண்ணுவின் நெஞ்சு குலுங்கியது. இருமல் என்று நினைத்து அருணா கிண்ணத்தோடு ஓடிவந்தாள். அது சிரிப்பு. இருக்கிற மூச்சையெல்லாம் செலவழித்து அந்த மனிதர் சிரித்தார். "அடிப்பாவி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் திட்டும் இல்லை, கோபமும் இல்லை. கெங்கம்மாளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டு. ஓட்ட ஓட்டச் சரியாய்டும்."

அவள் முறுக்கேற்றி விட்டாள். மறுபடி, மறுபடி. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னும் இழுக்குது" என்றார். அப்புறம் "தோ வருது" என்றார். எத்தனையாவது முறையோ, சத்தம் புறப்பட்டு, எங்கும் நிற்காமல், எங்கும் அவசரப்படாமல் ஓடி முடிந்தபோது, அவர் விரல் ஒன்று போர்வையில் மெல்லத் தட்டியது.

"ஒன்னு" என்றார். "கரெக்டு."

"இதுல இன்னாதாங்க இருக்குது?" நாற்பது வருஷமாகக் கேட்காததைக் கெங்கம்மாள் கேட்டாள்.

அவர் பதில் சொல்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. "ஒரு செகண்டு எம்மாம் பெருசுன்னு கேளு."

அவள் கேட்டாள். இந்த முறை தன் காதையும் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அவர் கன்னத்தோடு கன்னம் படக் குனிந்து கேட்டாள். முதலில் திறக்கிற சத்தம். பிறகு ஒவ்வொரு பல்லாக, ஒன்று போய் அடுத்தது, அடுத்தது போய் அதற்கடுத்தது. முடிந்துவிடும் என்று நினைத்த இடத்திலும் முடியாமல் இன்னும் போய்க்கொண்டே இருந்தது. ஆமாம், பெரிசுதான். ஒரு ஆள் உள்ளே போய் நின்று சுற்றிப்பார்த்துவிட்டு வரலாம் போல அவ்வளவு இடம் இருந்தது.

அதன்பிறகு அவர் பேசவில்லை. ஆனால் அவள் நிறுத்தும்போதெல்லாம் விரல் தட்டியது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது. அவள் முறுக்கேற்றினாள், விட்டாள். ஒரு மூச்சு வந்தது. முறுக்கேற்றினாள், விட்டாள். ஒரு மூச்சு. மறுபடி முறுக்கேற்றி, கைப்பிடியில் விரலை வைத்துக்கொண்டு, அவர் விரல் தட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

சுஃப்யான் தலையைக் குனிந்துகொண்டான். அருணா அலறிக்கொண்டு அப்பாவின் மேல் விழுந்தாள். கெங்கம்மாள் இன்னும் காத்திருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பந்தல் போட்டார்கள். அவள் தம்பி கோடித் துணியோடு ஒலக்கூரிலிருந்து வந்தான். பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் தோளில் இடித்த கடினமான பொருள் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. முந்தானைக்குள் அந்தப் பெட்டி இருந்தது. குளிப்பாட்டும்போது வாங்கி வைக்கிறேன் என்று கேட்டவளிடம் அவள் கொடுக்கவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது.

மேளம் தொடங்கியதும் சுஃப்யான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளருகே வந்தான். "அண்ணி, காலைல முறுக்கேத்தினது அப்பிடியே நிக்குது. ரொம்ப நேரம் வெச்சிருந்தா ஸ்பிரிங்கு தளந்துடும். அண்ணன் ஒருநாளும் வெக்கவுடமாட்டாரு. நான் வுட்டுடட்டுமா?"

"வாணாம்ப்பா."

அவன் அவள் பக்கத்திலேயே நின்றான்.

கொள்ளி வைக்க வேண்டிய, துரைக்கண்ணுவின் அண்ணன் மகன் சேரன் ஈரத்துணியோடு முன்னால் போய் நின்றான். நாலு பேர் குனிந்து தோள் கொடுத்தார்கள். "தூக்குப்பா" என்று யாரோ கத்தினார்கள். மேளம் உச்சத்துக்குப் போயிற்று, தெருவில் சரவெடி வெடித்தது. பெண்கள் எல்லாரும் ஒரே குரலாக ஓலமிட்டார்கள்.

கெங்கம்மாள் முந்தானைக்குள் கைப்பிடியைத் தள்ளினாள்.

ஒரு சத்தமும் கேட்கவில்லை. உள்ளங்கையில் மட்டும் அது ஓடியது. ஒரு பல், அடுத்த பல், அதற்கடுத்த பல். அது நின்று அவள் நிமிர்ந்தபோது, பாடையை முன்னால் பிடித்திருந்தவர்கள் பந்தலைத் தாண்டித் தெருவில் கால் வைத்திருந்தார்கள்.